போர்ட்டிங்: துறையா, பெயர்ப்பா, நடவா?

‘நம்பரை போர்ட் பண்ணிட்டேன்’ என்று கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் யார் சொன்னாலும் புரியும். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க வந்த வசதி அது. எண் அதேதான், கம்பெனிதான் வேறு. மென்பொருளில் போர்ட்டிங் என்பதும் அப்படித்தான்: நிரல் அதே, அடியில் இருக்கும் இயங்குதளம் வேறு. லினக்சை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய ஒன்றை ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, இல்லுமோஸ், ஹைக்கூ போன்ற வேறு இயங்குதளங்களில் ஓட வைக்கும் வேலை.

லத்தீனில் ‘போர்ட்டாரே’ என்றால் சுமந்து செல்வது. ரயில்வே போர்ட்டரும் இந்தச் சொல்லின் வாரிசுதான். ‘போர்ட்டுஸ்’ என்றால் துறைமுகம், ‘போர்ட்டா’ என்றால் வாசல். மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்றாலும் வேலை வேறு வேறு. நெட்வொர்க்கில் 22, 80 என்று எண் போட்டுச் சொல்கிற போர்ட், தரவு நுழையும் வாசல். அதைத் ‘துறை’ என்றால் பொருந்திப்போகிறது. அதே கையோடு போர்ட்டிங்கைத் ‘துறையாக்கம்’ என்றால் பிழை. ஆடுதுறை, மயிலாடுதுறை என்று ஊருக்கு ஊர் துறை வைத்திருக்கும் டெல்டாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: துறை என்பது ஆற்றில் இறங்கும் இடம், சுமை தூக்கும் செயல் அல்ல. ‘போர்ட்டபிள்’ என்பதைக் ‘கையடக்க’ என்று பெயர்ப்பதும் இதே வகை. டிரான்சிஸ்டருக்குச் சரி, சி மொழியில் எழுதிய நிரலுக்கு ஏது கை?

பிஎஸ்டிகளின் மூதாதையான யூனிக்ஸ் இயங்குதளம் 1969இல் பிடிபி-7 கணினியில் பிறந்தது. 1973இல் அதன் கருவை (கெர்னல்) சி மொழியில் திருப்பி எழுதினார்கள். 1977இல் ஆஸ்திரேலியாவின் வொலொங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் இன்டர்டேட்டா 7/32 கணினிக்கு அதைக் கொண்டுபோனார். அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சனும் டென்னிஸ் ரிச்சியும் இன்டர்டேட்டா 8/32 கணினிக்குக் கொண்டுபோனார்கள். அப்போது போர்ட்டிங் என்றால் இயங்குதளத்தையே வேறு வன்பொருளுக்குத் தூக்கிச் செல்வது. நெட்பிஎஸ்டியில் இன்றும் ‘போர்ட்’ என்றால் அந்தப் பொருள்தான். இன்னொரு பிஎஸ்டியான ஃப்ரீபிஎஸ்டியில் 1994இல் ஜோர்டன் ஹப்பார்ட் தொடங்கிய ‘போர்ட்ஸ்’ வேறு: வெளி மென்பொருளை எங்கிருந்து இறக்குவது, எப்படித் திருத்துவது, எங்கே நிறுவுவது என்று எழுதிய செய்முறைக் கோப்புறைகள். அதை எடுத்துக்கொண்ட நெட்பிஎஸ்டி, போர்ட் என்ற பெயர் ஏற்கெனவே வேறு வேலையில் இருந்ததால் ‘பேக்கேஜ் சோர்ஸ்’ என்று வைத்துக்கொண்டது.

புது இடத்தில் மறுபடி கம்பைல் செய்தால், அதாவது மூல நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றினால், போதாதா? போதும் என்றால் இதற்குத் தனிச்சொல்லே தேவைப்பட்டிருக்காது. ஓபன்பிஎஸ்டியில் ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டுகிறோம். ‘கோப்பு இல்லை’ என்கிறது கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல். பட்டியல் போட்டுப் பார்த்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, அனுமதியும் சரி. இல்லாதது ஸ்கிரிப்ட் அல்ல, அதை ஓட்ட வேண்டிய நிரல் என்று அதன் முதல் வரி சொல்லும் ‘#!/பின்/பாஷ்’. பிஎஸ்டிகளில் பாஷ் அடிப்படை அமைப்பில் வராது. தனியாக நிறுவினால் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓபன்பிஎஸ்டியிலும் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’னிலும், நெட்பிஎஸ்டியில் வழக்கமாக ‘/யூஎஸ்ஆர்/பிகேஜி/பின்’னிலும் உட்காரும். முதல் வரியை ‘#!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பாஷ்’ என்று மாற்றினால், பாஷை நிறுவியிருக்கும்வரை இந்த மூன்றிலும் ஓடும்.

அடுத்தது மேக், மேக்ஃபைலில் எழுதிய விதிகளைப் படித்து மென்பொருளைக் கட்டும் கருவி. குனு மேக்கின் இலக்கணத்தில் எழுதிய மேக்ஃபைலை பிஎஸ்டி மேக் பாதியில் துப்பிவிடும், குனு மேக்கை அங்கே ‘ஜிமேக்’ என்ற பெயரில் அழைக்க வேண்டும். பழைய மென்பொருளில் கணினி வகையை அடையாளம் காணும் ‘கான்ஃபிக் கெஸ்’, ‘கான்ஃபிக் சப்’ கோப்புகள் இரண்டையும் புதுசாக மாற்றாவிட்டால் ‘இது என்ன கணினி?’ என்று விழித்துக்கொண்டு நிற்கும். நூலகங்களை நிரலோடு இணைக்கும் கட்டத்தில் ஹைக்கூவுக்கு ‘நெட்வொர்க்’ நூலகத்தைச் சேர்க்க வேண்டும், கணித நூலகத்தை எடுத்துவிட வேண்டும். அங்கே கணிதம் முதன்மை நூலகத்துக்குள்ளேயே இருக்கிறது. பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்க உதவும் லினக்சின் ‘ஈபோல்’ ஓபன்பிஎஸ்டியின் கருவில் கிடையாது, அங்கே அந்த வேலைக்கு ‘கேக்யூ’.

இவையெல்லாம் கத்திச் சொல்லும் பிழைகள். வாய் திறக்காதவைதான் ஆளைக் கொல்லும். கோப்பிலிருந்து ஓர் எழுத்தைப் படித்து ஒரு பைட் அளவுள்ள ‘சார்’ மாறியில் போட்டு, கோப்பு முடிந்ததற்கு அடையாளமான -1 ஆகிறதா என்று பார்க்கும் சுற்று ஒன்று. இன்டெல்லில் ‘சார்’ குறியுள்ளது, அதாவது எதிர்ம எண்ணும் கொள்ளும், ஓடிவிடும். ஓபன்பிஎஸ்டி ஓடும் ஆர்ம் பலகையில் அது குறியற்றது. -1 அங்கே 255 ஆகிவிடும், கோப்பு முடிந்தாலும் சுற்று முடியாது. மாறியை இன்னும் பெரிய எண் வகையான ‘இன்ட்’ என்று அறிவித்தால் தீர்ந்தது. இன்டெல்லிலும் அது பிழைதான்: 255 என்ற பைட் நடுவில் வந்தால் கோப்பு முடிந்ததாக நினைத்துக்கொள்ளும். வெறும் உரைக் கோப்புகளில் அந்த பைட் அநேகமாக வராததால் ஆண்டுக்கணக்கில் பதுங்கிக் கிடக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘இடமாற்றம்’ என்றால் தாலுகா ஆபீஸ் வாசனை அடிக்கிறது. ‘இடம்பெயர்ப்பு’ தரவையும் சர்வரையும் நகர்த்துவதற்குப் போய்விட்டது. ‘பெயர்’ என்ற வினைதான் சரியான வேர். வழிநூல் வகைகளைச் சொல்லும் தொல்காப்பியம் ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்கிறது. அதர் என்றால் வழி. பெயர்த்தால் மட்டும் போதாது, போய்ச் சேர்ந்த இடத்தின் வழிக்குப் பொருந்தக் கட்டவும் வேண்டும். போர்ட்டிங்கில் முக்கால் வேலை இந்த ‘அதர்ப்பட’ என்பதில்தான்.

ஆகவே எங்கள் தேர்வு ‘பெயர்த்து நடுதல்’. பெயர்ச்சொல்லாக ‘பெயர்நடவு’, செய்பவர் ‘பெயர்நடவர்’, போர்ட்டபிள் என்பதற்குப் ‘பெயர்க்கத்தக்க’. ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் விட்டு, குறுவை நாற்றை 20, 25 நாளில் பறித்து முடி கட்டி வேறு வயலில் நடுகிற ஊரில் இந்தச் சொல்லுக்கு உரை வேண்டாம். நட்ட அன்று நாற்று நிற்கும், இரண்டு நாளில் வெளுக்கும், வேர் ஊன்றியபின்தான் பச்சை பிடிக்கும். கம்பைல் ஆவது நடவு. சோதனைத் தொகுப்பு முழுக்கத் தேறுவதுதான் பச்சை பிடிப்பது. நாற்று பறித்த இடத்தில் இருக்காதே, மென்பொருள் அங்கேயும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒத்துக்கொள்கிறோம், உவமை அந்த வரப்போடு நிற்கட்டும்.

கூடவே இன்னொரு ஜோடியும் இங்கே சும்மா கிடைக்கிறது. மூலத் திட்டத்தை ‘அப்ஸ்ட்ரீம்’ என்கிறார்கள். நமக்கு அது தலைமடை. ஹைக்கூவும் இல்லுமோசும் கடைமடை. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் வேதாரண்யம் பக்கம் தண்ணீர் எப்போது வரும் என்பது வேறு கணக்கு. ஆனால் தண்ணீர் மேலே ஏறாது, பேட்ச் (நாம் செய்த திருத்தம்) ஏறும். ஏற்றாமல் நம் கோப்புறையிலேயே வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வரிகள் நகர்ந்து பேட்ச் பொருந்தாமல் போகும், மறுபடி முதலிலிருந்து. அனுப்பும்போது ‘ஓபன்பிஎஸ்டி என்றால் இப்படி’ என்று பெயரைச் சோதிக்காமல், இன்ன வசதி இருக்கிறதா என்று சோதிக்கும்படி எழுதி அனுப்ப வேண்டும். அப்படி எழுதியதைத் தலைமடைக்காரர் தயங்காமல் ஏற்பார், நாளைக்கு வரும் நெட்பிஎஸ்டிக்காரருக்கும் அதே வரி உதவும்.