குஞ்சு சாகுதுன்னா மருந்துக்கு முன்னாடி முட்டையைப் பாருங்க

நாட்டுக்கோழி வளக்குறவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது இதுதான். "ஹேட்ச் (முட்டை பொரிஞ்சது) நல்லாத்தான் வந்துச்சு டாக்டர், ஆனா முதல் வாரத்துலயே குஞ்சு வரிசையா போகுது, என்ன மருந்து போடலாம்?" நான் மருந்து சொல்றதுக்கு முன்னாடி தாய்க்கோழி எப்படி இருந்துச்சு, முட்டை பொரிக்கிற மெஷின்ல சூடு எப்படி ஓடுச்சுனு கேப்பேன், இதை எதுக்கு கேக்குறார்னு பல பேர் யோசிக்கிறது முகத்துலயே தெரியும். குஞ்சோட தெம்புல பெரிய பங்கு அது ஓட்டை உடைக்கிறதுக்கு முன்னாடியே முடிவாகிடுதுங்க.

முதல்ல தாய். மஞ்சக்கருவுல சத்து மட்டும் இல்ல, தாயோட ஹார்மோனும் சேந்துதான் இறங்குது. (ஹார்மோன்னதும் யாரோ ஊசி போட்டதுனு நினைக்காதீங்க, இது அதோட உடம்புல இயற்கையா ஊறுறது.) 1993ல ஹூபர்ட் ஷ்வாப்ல்ங்குற விஞ்ஞானி கேனரி குருவி முட்டையில பாத்தார், ஒரே கூட்டுல பின்னாடி இட்ட முட்டைகள்ல டெஸ்டோஸ்டீரோன்ங்குற ஹார்மோன் ஜாஸ்தி இருந்துச்சு, கடைசியா பொரியிற குஞ்சு இளைச்சுப் போகாம வாயத் தொறந்து இரை கேட்டு முட்டி மோதி வளர அது உதவுது. இன்னொரு பக்கமும் இருக்கு. பயம், நெருக்கடி, பட்டினினு தாய் தவிச்சா அதோட ரத்தத்துல கார்டிகோஸ்டீரோன்ங்குற நெருக்கடி ஹார்மோன் ஏறும். ஜப்பான் காடையில தாய்க்கு இந்த ஹார்மோனை ஏத்திப் பாத்தப்போ மஞ்சக்கருவுலயும் அது கூடுச்சு, குஞ்சுங்க மெதுவா வளந்துச்சு, பெருசான பிறகும் சின்ன தொந்தரவுக்கே அதிகமா மிரண்டுச்சு. கோழியில அப்படியே அச்சு அசலா நடக்கும்னு நான் சொல்ல வரல. ஆனா முட்டை இடுற சமயத்துல கொட்டகை மாத்துறது, புதுக்கோழிய உள்ள விட்டு சண்டை மூட்டுறது, நாய் தொரத்துற இடத்துல விடுறது, வெயில்ல தண்ணி இல்லாம விடுறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்னு கெஞ்சிக் கேக்குறேன்.

அடுத்தது சூடு, இங்கதான் கவனமே வேணும். கோழிமுட்டைக்கு 37.5ல இருந்து 37.8 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 - 100 பாரன்ஹீட். "ஒரு டிகிரி முன்ன பின்ன இருந்தா என்ன"னு கேக்குறாங்க. அமெரிக்காவுல வுட் டக்னு ஒரு காட்டு வாத்து, அது முட்டைய 35 டிகிரியிலயும் அதைவிட ஒரு டிகிரிகூட முழுசா கூடாத சூட்டுலயும் தனித்தனியா வச்சுப் பாத்தாங்க, ரெண்டுலயும் குஞ்சு வந்துச்சு, ஆனா குறைஞ்ச சூட்டுல வந்தது வளர்ச்சியில பின்தங்குச்சு, குளிரைத் தாங்குறதுலயும் மட்டமா இருந்துச்சு. அதனாலதான் எத்தனை முட்டை பொரிஞ்சுதுங்குற பர்சென்டேஜ் மட்டும் பாத்து சந்தோஷப்படாதீங்கன்னு சொல்றேன். சூடு ஏறுறது இன்னும் மோசம், குஞ்சு சீக்கிரம் வந்துடும், சின்னதா இருக்கும், தொப்புள் சரியா மூடாது, அந்த வழியா கிருமி ஏறி நீங்க தேடி வர்ற அந்த முதல் வார சாவு நடக்கும். டிஸ்ப்ளேல காட்டுறது காத்தோட சூடு, அடை வைக்கிற நாள்ல பாதி தாண்டினதும் கருவே தானா சூடு விட ஆரம்பிச்சுடும், அப்போ முட்டை அதைவிட சூடா இருக்கும். அதனால தெர்மாமீட்டரை முட்டை மட்டத்துல வைங்க, தெர்மாகோல் பெட்டின்னா ரெண்டு மூணு மூலையில மாத்தி வச்சுப் பாருங்க, பெட்டியில காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சுடாதீங்க, கரு மூச்சு விடணும்.

கரண்ட் போனா பதறாதீங்க. அடைக்கோழியே தினமும் கொஞ்ச நேரம் எழுந்து போய் மேஞ்சுட்டுத்தானே வருது, அந்த மாதிரி கொஞ்ச நேர குளிர்ச்சியை கரு தாங்கும். போன சூட்டை ஈடுகட்டுறேன்னு செட்டிங்கை ஏத்தி வைக்கிறதுதான் ஆபத்து. முட்டையத் திருப்புறது 18ஆம் நாளோட நிறுத்தணும், அப்புறம் மெஷினுக்குள்ள ஈரப்பதத்தை 65 - 70 சதவீதத்துக்கு கொண்டு போங்க, அதுவரைக்கும் 50 - 55 போதும்.

சூட்டைக் குறைச்சு வச்சா பெட்டைக்குஞ்சு ஜாஸ்தி வரும்னு சிலர் நம்புறாங்க. கோழியில ஆணா பெண்ணாங்குறது தாயோட குரோமோசோம் முடிவு பண்றது, முட்டை இடும்போதே அது முடிஞ்சுபோச்சு. ஆஸ்திரேலியாவுல பிரஷ் டர்க்கினு ஒரு பறவை மக்குற இலைக் குவியல் சூட்டுல முட்டைய புதைச்சு வைக்கும், அதுல சூட்டுக்கு ஏத்த மாதிரி ஆண் பெண் கணக்கு மாறுது, ஆனா அதுகூட ஒரு பாலினக் கரு உள்ளயே அதிகமா செத்துப்போறதாலதான். நீங்க சூட்டைக் குறைச்சா கிடைக்கிறது பெட்டை இல்லங்க, நடக்க முடியாத குஞ்சு.