காசு கட்டி வாங்கிய புத்தகம் எங்கே போச்சு?

காசு கட்டி வாங்கியது திறக்கவில்லை என்று ஒரே மாதத்தில் என் கடைக்கு வந்த நான்காவது ஆள் இது. அதனால்தான் கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பிடக்கூட இல்லாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

கோவையில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழுதான ஹார்ட் டிஸ்கிலிருந்து தகவல்களை மீட்டுத் தருவதுதான் முக்கிய வேலை. போன வாரம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் டேப்லெட்டை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார். தண்ணீர் புகுந்து போர்டே போய்விட்டது. மகன் புது டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிட்டார், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் ஏழு வருடமாக வாங்கிச் சேர்த்த மின்னூல்கள் புதியதில் வரவில்லை. கணக்கில் நுழையப் போனால் ஓடிபி பழைய செல்போன் எண்ணுக்குப் போகிறது. அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. 90 நாள் சும்மா கிடந்தாலே எண்ணை முடக்கி, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பாஸ்வேர்டை நினைவில் வந்தபடியெல்லாம் அடித்துப் பார்த்ததில் கணக்கு பூட்டிக்கொண்டது. நூல் விற்ற நிறுவனமோ, உரிமையாளர் என்று உறுதிசெய்ய முடியாத கணக்கைத் திறக்க வழியில்லை என்று சொல்லிவிட்டது.

"தம்பி, புத்தகமெல்லாம் இந்த டேப்லெட்டுக்குள்ளேதானே இருக்கு? அதை மட்டும் எடுத்துக் கொடுங்க, போதும்" என்றார்.

எடுக்க முடியாது. மெமரி சிப்பைத் தனியாகக் கழற்றினாலும் பயனில்லை. இப்போது வரும் கருவிகளில் உள்ளே இருப்பதெல்லாம் அந்த போர்டிலேயே இருக்கும் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். அதைத் தாண்டினாலும் நூல் ஒவ்வொன்றுக்கும் விற்றவர் போட்ட பூட்டு தனியாக இருக்கிறது. இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை: "காசு கட்டி வாங்கினது தம்பி. அது எப்படி இல்லாமப் போகும்?"

வருகிறவர்கள் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நிறுத்தி, நிதானமாகச் சொல்கிறேன். கடையில் ஒரு புத்தகம் வாங்குகிறீர்கள். அடுத்த வருடம் அந்தக் கடையை மூடிவிடுகிறார்கள், பதிப்பகமும் நொடித்துப் போகிறது. உங்கள் அலமாரியில் இருக்கும் புத்தகம் அங்கேயேதான் இருக்கும். தங்கைக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், பேரனுக்கு எழுதி வைக்கலாம். மின்னூல் கடையில் "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தும்போது இதில் எதுவுமே உங்களுக்குக் கிடைப்பதில்லை. அங்கே உங்கள் கைக்கு வருவது படிக்கும் அனுமதி மட்டும். புத்தகம் அவர்கள் அலமாரியில்தான் இருக்கிறது, அந்த அறையின் சாவியும் அவர்களிடமே. உங்கள் கணக்குதான் நுழைவுச் சீட்டு. சீட்டைத் தொலைத்தால் உள்ளே போக முடியாது. அவர்கள் அலமாரியைக் காலி செய்தால் சீட்டு கையில் இருந்தும் பயனில்லை. விலை 49 ரூபாயோ 900 ரூபாயோ, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நாம் படிக்காமல் "சம்மதம்" கொடுக்கும் விதிமுறைகளில் இது எழுதியே இருக்கிறது.

நான் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். 2009 ஜூலையில் அமேசான், வாசகர்களின் கிண்டில்களிலிருந்து (அது விற்கும் மின்னூல் படிக்கும் கருவி) ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய இரண்டு நாவல்களின் ஒரு பதிப்பை இரவோடு இரவாக அழித்தது. அதை விற்றவரிடம் அமெரிக்காவில் விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அப்போதைய தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடியது. ஜூலையோடு வாங்கிய நூல்கள் திறக்காமல் போயின. அங்கேயும் பணம் திரும்ப வந்தது. நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். வருடக்கணக்கில் பக்கம் பக்கமாக எழுதி வைத்த குறிப்புக்கு 25 டாலர்! அந்த ஆசிரியர் அழுததும் நூல்களுக்காக இல்லை, அவற்றில் கோடிட்டு எழுதி வைத்திருந்த குறிப்புகளுக்காகத்தான்.

படத்துக்கும் விளையாட்டுக்கும் இதே நிலைமைதான். வாங்கிய படங்களைக் கணக்கில் சேர்த்து வைக்கும் அல்ட்ராவயலட் சேவையை 2019 ஜூலை 31-இல் மூடினார்கள். 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷனில் மக்கள் வாங்கிய டிஸ்கவரி தொடர்களை நீக்கப்போவதாக அறிவித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி, புது ஒப்பந்தம் போட்ட பிறகே கைவிட்டது. 2014-இல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. காசு கொடுத்தவர்கள்கூட அதைத் தனியாக ஆட முடியாமல் போனது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. அனுமதியை மட்டும் விற்றுவிட்டு "வாங்கு" என்று எழுதுகிறவர்கள், அது வெறும் அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சட்டம் போட்டுச் சொல்லவைக்கும் அளவுக்கு இந்தக் குழப்பம் பரவியிருக்கிறது.

கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதி ஒன்று இருந்தது. 2025 பிப்ரவரி 26-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பூட்டை உடைத்துத் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் அதிகம். நான் செய்வதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இந்தப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. உங்கள் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் கடை வைத்திருக்கும் நான் அதை யாரிடம் போய் நிரூபிப்பது?

சரி, என்ன செய்யலாம்? முதலில் இன்றைக்கே, இதைப் படித்து முடித்ததும், காசு கட்டி எதையாவது வாங்கிய கணக்குகளைத் திறந்து அதில் எந்த செல்போன் எண், எந்த மெயில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய ஆபீஸ் மெயில் இருந்தால் மாற்றுங்கள். செல்போன் இல்லாமலும் கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகள் தருகிறார்கள் என்றால் தாளில் அச்செடுத்துப் பத்திரத்தோடு வையுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்திருந்தால் அந்த நான்கு பேரில் மூன்று பேர் என் கடைக்கு வந்திருக்கவே வேண்டாம்.

அடுத்தது, பூட்டில்லாத கோப்பாகத் தருகிற இடத்தில் வாங்கப் பழகுங்கள். பாட்டுக்கு பேண்ட்கேம்ப் இருக்கிறது, விளையாட்டுக்கு ஜிஓஜி இருக்கிறது. ஐட்யூன்ஸ் கடையில் 2009-க்குப் பிறகு விற்கும் பாடல்களுக்கும் பூட்டு கிடையாது. ஆனால் வாங்கியதும் இறக்கி வையுங்கள். "அங்கேதானே இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மைஸ்பேஸ் தளத்தில் 2015 வரை 12 ஆண்டுகளாகக் கலைஞர்கள் ஏற்றிய பாடல்கள் சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டன. விஷயம் 2019-இல்தான் எல்லாருக்கும் தெரிந்தது. வேறு எங்கும் பிரதி வைக்காதவர்களுக்குத் தங்கள் சொந்தப் பாட்டே இல்லாமல் போனது.

பிரதி என்றால் மூன்று. கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று. அண்ணன் வீட்டில் கொடுத்து வையுங்கள். பென்டிரைவை நம்பாதீர்கள், என் மேஜையில் உயிரில்லாமல் வந்து கிடப்பதில் அதுதான் அதிகம். கல்யாண வீடியோவைச் சிடியில் எழுதி வைத்தவர்கள் ஒருமுறை போட்டுப் பாருங்கள், சாயம் வெளுத்துப் படிக்க முடியாமல் போன சிடிகள் மாதம் பத்துக்குக் குறையாமல் வருகின்றன. பேக்கப் டிஸ்கை எப்போதும் கணினியில் செருகியே வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாலு கோப்பையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அப்புறம், ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாரோ சொன்னார்களாம். தயவுசெய்து வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படிந்து மிச்சம் இருப்பதும் போய்விடும்.

இன்னொன்று சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும். அப்பா இறந்த பிறகு அவர் போனைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். கூகுளில் கணக்கு செயல்படாமல் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று முன்பே குறித்து வைக்க முடியும். ஆப்பிளிலும் நமக்குப் பின் கணக்கைத் திறக்க ஒருவரை நியமிக்கலாம். ஆனால் கவனியுங்கள்: ஆப்பிளில் அப்படி நியமிக்கப்பட்டவருக்குப் புகைப்படங்களும் குறிப்புகளும் கிடைக்கும், காசு கட்டி வாங்கிய பாட்டும் படமும் நூலும் கிடைக்காது. அப்பா ஆசையாக வாங்கிச் சேர்த்தது அவரோடு போய்விடும்.

அந்த ஆசிரியர் சனிக்கிழமை மறுபடி வந்தார். மகனின் பழைய லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அதில், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து அவர் எப்போதோ இறக்கிய சங்க இலக்கிய நூல்கள் சில கிடைத்தன. பூட்டு எதுவும் இல்லாததால் அப்படியே திறந்தன. இரண்டு டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தேன். மற்ற நூல்களின் பெயர்களை நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வந்திருந்தார், நான்கு பக்கம் இருந்தது. "இதையெல்லாம் அச்சுப் புத்தகமா கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கறேன் தம்பி. குறிப்பை மறுபடி எழுதணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு டிஸ்கைத் தங்கை வீட்டில் கொடுக்கப் பேருந்து ஏறினார்.