பகலில் பதுங்கும் புழு

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் பெரியம்மா வீடு. பள்ளிக்கூட லீவு விட்டால் அங்கேதான் கிடப்போம். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல், திண்ணையிலும் வாசலிலும் பாய் விரித்து எல்லாரும் படுத்துவிட்ட பிறகு, டார்ச் லைட்டோடு யானைக்கால் நோய்ப் பரிசோதனை ஊழியர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கையில் ஒரு மரப்பெட்டி. உள்ளே வரிசையாகக் கண்ணாடித் தகடுகள். ஒவ்வொருவரையும் எழுப்பி, விரல் நுனியில் ஊசியால் குத்தி, சொட்டு ரத்தத்தைத் தகட்டில் பூசிக்கொண்டார்கள். தூக்கம் கலைந்த எரிச்சலில் பெரியம்மா கேட்டார்: "ஏன் தம்பி, பகல்ல வந்தா ரத்தம் வராதா?"

"ரத்தம் வரும்மா. புழு வராது."

அன்றைக்கு அதைக் கிண்டல் என்றே நினைத்தேன். அந்த ஊழியர் சொன்னது அட்சர சுத்தமான அறிவியல் என்று புரியப் பல வருஷம் ஆயிற்று.

யானைக்கால் நோயைத் தருவது வூச்செரேரியா பான்கிராஃப்டி என்ற உருண்டைப் புழு. வளர்ந்த பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம், தையல் நூல் பருமன். ஆண் அதில் பாதிதான் இருக்கும். இரண்டும் நம் நிணநீர் நாளங்களுக்குள் (உடம்பில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்கள்) சுருண்டுகொண்டு வருஷக்கணக்கில் வாழ்கின்றன. விரைப்பகுதியில் ஸ்கேன் செய்தால் சிலருக்கு இவை நெளிவது திரையில் தெரியும். மருத்துவர்கள் அதற்கு 'ஃபைலேரியா நடனம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை ஈன்று ரத்தத்தில் விடுகிறது. ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் அளவு. மைக்ரோஃபைலேரியா என்பது இவைதான்.

பகல் முழுவதும் இந்தக் குஞ்சுகள் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் பதுங்கியிருக்கும். ஊர் அடங்கிய பிறகு தோலை ஒட்டிய குழாய்களுக்கு வரும். ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஏன் அந்த நேரம்? நம் பக்கத்தில் இதைச் சுமக்கும் க்யூலெக்ஸ் கொசு ராத்திரியில்தான் கடிக்கிறது. பயணி பஸ் வரும் நேரம் பார்த்து ஸ்டாப்புக்கு வருகிற மாதிரிதான். பசிபிக் தீவுகள் சிலவற்றில் இதே புழுவைப் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு சுமக்கிறது. அங்கே குஞ்சுகள் பகலிலும் தோலருகே திரிகின்றன.

சரி, மணி பத்து ஆகிவிட்டது என்று புழுவுக்கு எப்படித் தெரியும்? 1881இல் ஸ்டீஃபன் மெக்கன்சி என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவும் ராத்திரியில் விழித்திருக்கவும் வைத்துப் பார்த்தார். சில நாளில் புழுக்களும் நேரத்தை மாற்றிக்கொண்டன. அவை வானத்து இருட்டைப் பார்ப்பதில்லை, நம் உடம்பின் தூக்கத்தைத்தான் பார்க்கின்றன.

கொசு இதில் எங்கே வருகிறது என்பதை 1877இல் சீனாவின் அமாய் துறைமுக ஊரில் கண்டுபிடித்தவர் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர். புழுக்குஞ்சு உள்ள ரத்தத்தைக் குடித்த கொசுக்களை அறுத்து, குஞ்சுகள் உள்ளே வளர்வதைப் பார்த்தார். ஆனால் அடுத்த கட்டத்தில் கோட்டை விட்டார். கொசு தண்ணீரில் விழுந்து செத்துப்போகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குப் புழு போகிறது என்று கணக்குப் போட்டார். புழு கொசுவின் உறிஞ்சுகுழலிலேயே வந்து நிற்கிறது என்பது 1900இல்தான் தெரிந்தது. "கும்பகோணத்துத் தண்ணி குடிச்சா யானைக்கால் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்த நம் பெரியவர்களைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். மேன்சனே அந்தக் கட்சிதான்.

உண்மையில் இந்தப் புழுவின் பயணம் படு திண்டாட்டமானது. கொசு வயிற்றுக்குள் போன குஞ்சு, குடலைத் துளைத்து மார்புத் தசைக்குப் போய், இரண்டு வாரம் போல வளர்ந்து, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்து, கொசுவின் உறிஞ்சுகுழலுக்கு வந்து சேர வேண்டும். அதற்குள் கொசு செத்தால் எல்லாம் போச்சு. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் ஆயிரமாகப் பெருகும். இது பெருகாது. ஒரு குஞ்சு போனால் அதிகபட்சம் ஒன்றுதான் வெளியே வரும். வரும்போதும் கொசு அதை ஊசி போல உள்ளே ஏற்றுவதில்லை. தோல் மேல் ஒரு துளி ஈரத்தில் விட்டுவிட்டுப் போகிறது. கடித்த ஓட்டையைப் புழுவே தேடி நுழைய வேண்டும். பெரும்பாலானவை அங்கேயே காய்ந்து சாகும்.

1960களில் ரங்கூனில் ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்கு போட்டார்கள். ஒருவர் ரத்தத்தில் புதிதாகக் குஞ்சுகள் தென்படுவதற்கு, புழுவைச் சுமந்த கொசுக்களின் கடி மட்டும் சராசரியாக 15,500 தேவைப்பட்டதாம். மகாமகத்துக்கு வந்து இரண்டு ராத்திரி தங்கிப்போனவருக்குக் கால் வீங்கிவிடாது. இது தெரியாமல்தான் "அந்த ஊர்ல பொண்ணு எடுக்காதே" என்று எங்கள் சொந்தத்திலேயே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிற்று.

இன்னொரு தப்புக் கணக்கும் உண்டு. கால் வீங்கியவரிடமிருந்து நோய் தொற்றும் என்று ஒதுங்குவது. கால் தடித்துப்போன கட்டத்தில் பெரும்பாலோர் ரத்தத்தில் குஞ்சுகளே இருக்காது. பரப்புகிறவர் யாரென்றால், ஒரு கோளாறும் இல்லாமல் வயலுக்குப் போய் வருகிற ஆரோக்கியமான ஆள். அவருக்கே தெரியாது. "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்கிறவர்களுக்கும் சேர்த்து ஊர் முழுக்க டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரைகளை வருஷத்துக்கு ஒரு முறை கொடுத்தது இதனால்தான். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையான நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு. மாத்திரை போட்ட அன்று சிலருக்குக் காய்ச்சலும் தலைசுற்றலும் வரும். செத்த புழுக்களுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. 1980களில் காரைக்காலில் டி.இ.சி.யைச் சமையல் உப்பிலேயே கலந்து கொடுத்துப் பார்த்தார்கள்.

கால் பெருப்பதற்குப் புழு மட்டும் காரணமில்லை. அது நிணநீர் நாளத்தைத் தளரவைத்துக் கெடுத்துவிட்டுப் போகிறது. நீர் வடியாமல் தேங்கிய காலில், விரலிடுக்குப் புண் வழியே பாக்டீரியா நுழைகிறது. நெறி கட்டி, குளிர் காய்ச்சல் அடித்து, கால் சிவந்து தகிக்கும். ஒவ்வொரு தடவையும் வீக்கம் ஒரு படி ஏறும். பெரியம்மா தெருவில் பூக்கட்டும் ஆச்சி ஒருவர் தினமும் சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து, காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய வேட்டித் துணியால் விரல் விரலாக ஈரம் ஒற்றி எடுப்பார். ராத்திரி காலுக்குக் கீழே தலையணை. "காய்ச்சல் வந்து மூணு வருஷமாச்சு" என்பார். இந்த நோய்க்கு இதைவிடச் சிறந்த கைவைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு மறைப்பவர்கள்தான் அதிகம்.

அப்புறம், தண்ணீர். டெல்டா முழுக்கத் தண்ணீர் நிற்கிற பூமி என்பதால் பழி வயல் மேலும் வாய்க்கால் மேலும் விழுகிறது. க்யூலெக்ஸில் இந்த வகை நல்ல தண்ணீரை அவ்வளவாகச் சீந்தாது. அதற்குப் பிடித்தது சாக்கடை, கொல்லையில் பாத்திரம் கழுவிய நீர் தேங்கும் குழி, மூடி உடைந்த செப்டிக் டேங்க். சின்னப் படகு போல நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒட்டி மிதக்க விடும். பத்து நாள் போனால் கொசு. கொசு பிறக்கும் இடம் காவிரி இல்லை, நம் கொல்லைதான்.

புழுக்கூட்டம் மாதிரி நெளியும் கொசுக்குஞ்சு மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே தெர்மோகோல் மணிகளைக் கனமாகப் பரப்பிவிட்டால் அதற்கு வழியில்லை, தாய்க்கொசுவுக்கு முட்டையிடவும் இடமில்லை. திருக்கோவிலூர் வட்டாரத்துக் கிராமங்களில் மாத்திரையோடு சேர்த்துக் கழிவுக்குழிகளில் இந்த மணிகளையும் போட்டு, கிணற்றில் மீனும் விட்டுப் பார்த்தார்கள். மாத்திரை கொடுப்பதை நிறுத்திய பிறகும் அந்த ஊர்களில்தான் பலன் நிலைத்தது என்று 2007இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது.

போன மாதம் பெரியம்மா வீட்டுக் கொல்லைக்குப் போனேன். செப்டிக் டேங்கின் வென்ட் பைப் வாயில் நைலான் வலை கட்டியிருக்கிறது. யார் கட்டினது என்று கேட்டேன். "நான்தான். வலை கிழிஞ்சா பழைய கொசுவலையிலேர்ந்து ஒரு துண்டு வெட்டிக் கட்டிடுவேன்" என்றார்.