வளங்குன்றா வளர்ச்சி

'சஸ்டைனபிள் டெவலப்மெண்ட்' என்ற தொடருக்கும் வேலூருக்கும் ஒரு வழக்கு உறவு உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, கேடு வருமுன் தடுக்கும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் கெடுத்தவரே செலவை ஏற்கும் கொள்கையும் இந்தத் தொடரின் உயிரான கூறுகள், அவை நம் நாட்டுச் சட்டமே என்றது. இன்றும் சட்ட மாணவர்கள் அதை 'வேலூர் வழக்கு' என்றே படிக்கிறார்கள். தொடருக்கு நல்ல தமிழ் தேடும் கடமை நமக்குக் கொஞ்சம் கூடுதல்.

'சஸ்டைன்' லத்தீன் வேரிலிருந்து வந்தது. கீழிருந்து தாங்கிப் பிடிப்பது என்று பொருள். கருத்துக்கு ஜெர்மனியில் ஒரு மூலம் உண்டு. சாக்சனியின் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ், உலைகளுக்கு மரம் தீர்ந்துபோவதைக் கண்டு, வளரும் அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று 1713இல் எழுதினார். வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்ற விளக்கம் 1987இல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் குழு தந்தது.

தமிழில் நீடித்த வளர்ச்சி, நிலையான வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி எனப் பல உண்டு. இலங்கையில் 'நிலைபேறான அபிவிருத்தி' என்பார்கள். இவற்றை உரசிப் பார்க்க மக்கள் வாழும் ஆற்றுத் தீவைவிட நல்ல உரைகல் இல்லை.

ஆற்றுத் தீவுக்கு நம் பழஞ்சொற்கள் அரங்கம், துருத்தி, ஆற்றிடைக்குறை. குறை என்றால் இங்கே துண்டு; சங்கப் பாட்டின் 'கொழுங்குறை' கொழுத்த இறைச்சித் துண்டு. ஸ்ரீரங்கத்தைச் சிலப்பதிகாரம் 'காவிரி வியன்பெருந் துருத்தி' என்கிறது. குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. மலையாளத்தில் இன்றும் 'துருத்து' புழங்குகிறது. (கொல்லன் உலைத் துருத்தி வேறு.)

இத்தகைய நிலம் ஒருநாளும் நிலையாக நிற்பதில்லை. ஆறு ஒரு பக்கம் அரிக்கும், மறுபக்கம் வண்டல் போடும். அசாமில் பிரம்மபுத்திராவின் மாஜுலித் தீவு 2016இல் தனி மாவட்டமே ஆனது. அரிப்பு மட்டும் நிற்கவில்லை. அங்கே மிசிங் மக்கள் கால்நட்டு உயர்த்திய வீடுகளில் வாழ்கிறார்கள். வெள்ளம் அடியில் போய்விடும். கொல்லத்துக்கு அருகே மன்றோத்துருத்து தாழ்ந்துவருவதற்கு, கல்லடை ஆற்று அணையால் வண்டல் வரத்து குறைந்ததையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அங்கே கரையைக் கான்கிரீட்டால் கட்டி 'நிலையான' வளர்ச்சி என்றால் சொல்லே பொய்யாகிவிடும். குன்றாமல் காக்க வேண்டியது வண்டல் வரத்து. 'நீடித்த' என்பதோ காலத்தை மட்டும் சொல்லும். எது நீடிக்க வேண்டும் என்று சொல்லாது. மணலை அள்ளிவிட்டு வெள்ளத்துக்குக் காத்திருக்கும் பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

ஆகவே என் ஓட்டு 'வளங்குன்றா வளர்ச்சி'க்கு. குன்றா என்பது குன்றாத என்பதன் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'வளங்குன்றா' என்று சேர்த்தே எழுதுங்கள். 'சஸ்டைனபிலிட்டி'க்கு வளங்குன்றாமை.