கொறடா: ஆளா, உத்தரவா?

நம்பிக்கை வாக்கெடுப்பு என்றால் செய்திகளில் இரண்டு வரிகள் தவறாமல் வரும். ‘கொறடா உத்தரவு பிறப்பித்தார்’ என்பது ஒன்று. ‘கொறடாவை மீறி வாக்களித்தார்’ என்பது மற்றொன்று. முதலாவதில் கொறடா ஓர் ஆள், அவையில் தன் கட்சி உறுப்பினர்களைத் திரட்டி வாக்களிக்க வைப்பவர்; இரண்டாவதில் அவர் அனுப்பிய உத்தரவுத் தாள். ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

கொறடா என்றால் சாட்டை. தெலுங்கில் கொரடா, மராத்தியில் கோரடா, இந்தியில் கோடா என்று சொல்வதும் சாட்டையைத்தான். ஆங்கில ‘விப்’புக்கு ஈடாக அது நம் சட்டமன்றத்துக்குள் வந்தது. அந்த விப் பிறந்த இடமோ நரி வேட்டை. கூட்டத்தை விட்டு விலகி ஓடும் வேட்டை நாய்களை மடக்கிச் சேர்ப்பவர் ‘விப்பர்-இன்’. அவர் வேலை ஆள் சேர்ப்பது, அடிப்பதல்ல. தமிழுக்கு வந்தபோது நாயும் நரியும் கழன்றுபோய்ச் சாட்டை மட்டும் மிஞ்சியது.

தாளுக்கும் தரம் உண்டு. உத்தரவின் கீழ் எத்தனை கோடு (வரி) இழுக்கப்படுகிறதோ அத்தனை கண்டிப்பு. ஒரு வரி என்றால் வாக்கெடுப்பு இருக்கிறது என்ற தகவல். இரு வரி என்றால் அவையில் இருந்தாக வேண்டும். மூன்று வரி என்றால் இருந்து, கட்சி சொன்னபடியே வாக்களிக்கவும் வேண்டும். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு வருவது மூன்று வரிதான். 1999 ஏப்ரல் 17இல் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்ததை நினைத்தால், ஒருவர் வராமல் போவதற்குக்கூடக் கட்சிகள் ஏன் அஞ்சுகின்றன என்பது விளங்கும்.

வேடிக்கை என்னவென்றால், உறுப்பினரின் பதவியைப் பறிக்க வழிசெய்யும், அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையில் (1985, 52ஆவது திருத்தம்) ‘விப்’ என்ற சொல்லே கிடையாது. கட்சியின் ‘கட்டளை’ என்றுதான் இருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் அதற்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். முடிவு சொல்பவர் அவைத் தலைவர். கொறடாவுக்கு அந்த அதிகாரம் இல்லை. மீறிப் போட்ட வாக்கும் செல்லும், எண்ணப்படும்.

2017 பிப்ரவரி 18 நல்ல எடுத்துக்காட்டு. தமிழகச் சட்டமன்ற நம்பிக்கை வாக்கெடுப்பில் முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவாக 122, எதிராக 11. அந்த 11 பேரும் அவருடைய அதே அதிமுகதான், ஓ. பன்னீர்செல்வம் அணி. யாருக்கும் பதவி போகவில்லை. ஆகஸ்டில் அணிகள் இணைந்து பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். அதே ஆண்டு செப்டம்பரில் தகுதி நீக்கப்பட்ட 18 அதிமுக உறுப்பினர்கள் கொறடாவை மீறியவர்கள் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. முதல்வருக்கான ஆதரவை விலக்கி ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததைக் கட்சியைத் தானாகத் துறந்ததாகக் கொண்டு எடுத்த நடவடிக்கை அது, அட்டவணையின் வேறு பிரிவு.

எல்லா மசோதாவுக்கும் மூன்று வரி அனுப்புவது குடிமக்களாகிய நமக்கு நட்டம். தொகுதிக்கென்று ஒருவரை அனுப்புகிறோம். அவர் கையைக் கட்சி தூக்குகிறது. அரசு நிற்பதா விழுவதா என்ற வாக்குக்கு அந்தக் கட்டு நியாயம். உச்ச நீதிமன்றத்தின் கிஹோடோ ஹோலோஹான் தீர்ப்பும் (1992) ஏறத்தாழ இதையே சொன்னது: ஆட்சியின் மீதான நம்பிக்கை, கட்சியின் அடிப்படைக் கொள்கை, இவற்றுக்கு மட்டும் போதும் என்று. கட்சிகள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? இலங்கை நாடாளுமன்றம் தலைமைக் கொறடாவை ‘முதற்கோலாசான்’ என்கிறது. கோலெடுத்த ஆசான்! அழகுதான், ஆனால் உறுப்பினர்களைப் பள்ளிப் பிள்ளைகள் ஆக்கிவிடுகிறது. ஆளுக்குக் கொறடா என்பதே இருக்கட்டும்; ஊறிப்போன சொல். தாளுக்கு மட்டும் ‘கட்சிக் கட்டளை’ என்று எழுதலாம். ‘கட்சிக் கட்டளையை மீறி வாக்களித்தார்’ என்றால் யார் சொன்னதை யார் மீறினார் என்பது வாசிப்பவருக்கு உடனே பிடிபடும்.