ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல ஒரு காந்தாரம்

அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்டேர்ந்து வந்த ப்ளூஸ் இசையைக் கேட்க ஆரம்பிச்சு எனக்கு ஒரு வருஷம்கூட ஆகலை. மொத தடவை பி.பி. கிங் வாசிச்சதைக் கேட்டப்போ மனசுல ஒரே கேள்விதான், இந்த கிட்டார் எப்படி இப்படி அழுது? மத்த பாட்டுல வர்ற அதே ஆறு கம்பிதான், ஆனா இவரு ஒரே ஒரு சுரத்தைத் தட்டி நிறுத்தினா தொண்டை அடைச்ச ஒருத்தர் வார்த்தை வராம நிக்கற மாதிரி இருக்கு. ஃபீலிங்னு சொல்லி விட்டுடலாம்தான், ஆனா கொஞ்சம் தோண்டிப் பாத்தா உள்ள இருக்கறது சுத்தமான இயற்பியல், அது புரிஞ்சப்புறம் இந்த இசை மேல எனக்கு மரியாதை இன்னும் கூடிடுச்சு.

ஃப்ரெட்லேர்ந்து ஆரம்பிக்கணும். கிட்டார் கழுத்துல குறுக்க வரிசையா பதிச்சிருக்காங்களே உலோகப் பட்டை, அதுதான் ஃப்ரெட். விரலை அழுத்தினா கம்பியோட அதிர்ற நீளம் குறையும், சுரம் ஏறும். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் அதிர்வெண் கிட்டத்தட்ட 6% கூடற மாதிரி கணக்குப் போட்டு வச்சிருக்காங்க, அப்படியே 12 ஃப்ரெட் ஏறினா கம்பி சரியா பாதி, அதிர்வெண் ரெண்டு மடங்கு, மேல் ஸ்தாயி வந்துரும். அடுத்தடுத்த ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல அழுத்தினாலும் முன்னாடி இருக்கற ஃப்ரெட்டோட சுரம்தான் வரும், நடுவுல ஒண்ணும் கிடையாது.

ஆனா அமெரிக்காவோட தெற்குல இருக்கற மிசிசிப்பி டெல்டாவுல பருத்திக் காட்டுல வேலை செஞ்ச கறுப்பின மக்கள் பாடினப்போ அவங்க தொண்டையில ஃப்ரெட் எதுவும் இல்லையே. மேற்கத்திய இசையில ஏ (A)-ன்னு சொல்ற சுரத்தை ச-ன்னு வச்சுக்கோங்க, வினாடிக்கு 220 அதிர்வு. அப்போ கிட்டார்ல, நம்ம கர்நாடக இசையில சாதாரண காந்தாரம்னு சொல்ற சுரம் சுமார் 262, அந்தர காந்தாரம் சுமார் 277. ப்ளூஸ் பாடறவங்க பல நேரம் இந்த ரெண்டுலயும் நிக்க மாட்டாங்க, நடுவுல 270 பக்கம் எங்கயோ நிப்பாங்க, அதுவும் அசையாம இல்ல, கீழேர்ந்து ஏறி வந்து பாதியிலயே மறுபடி இறங்கும். இதைத்தான் ப்ளூ நோட்னு சொல்றாங்க. நிஷாதத்துலயும் இதே கதைதான் நடக்குது.

அது பாட்டோட போயிருந்தா கிட்டாருக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. ஆனா ப்ளூஸ்ல பாட்டும் கிட்டாரும் பேசிக்கும். வழக்கமான அமைப்பு 12 பார், அதாவது 12 தாளக் கட்டம், ஒவ்வொண்ணுலயும் 4 தட்டு, மொத்தம் 48 தட்டுல மூணு வரி. மொத வரியைப் பாடுவாங்க, அதையே திரும்பப் பாடுவாங்க, மூணாவது வரி அதுக்குப் பதில். ஒவ்வொரு வரியிலயும் பாதிதான் குரல், மீதிப் பாதி கிட்டாருக்கு. குரல் அந்த நடு காந்தாரத்துல முடிச்சா கிட்டாரும் அங்கேர்ந்துதானே பதில் சொல்லணும், அங்க போறதுக்கு வழி வேணுமே!

மொத வழி ஸ்லைடு. கம்பியை அழுத்தவே மாட்டாங்க, பாட்டில் கழுத்தை உடைச்சு தேய்ச்சு விரல்ல மாட்டிக்கிட்டு, இல்லன்னா ஒரு கத்தியை எடுத்து, கம்பி மேல லேசா தொட்டு இழுப்பாங்க. கண்ணாடி எங்க தொடுதோ அங்கதான் கம்பி முடியுது, நீளம் விட்டு விட்டு மாறாம வழுக்கிக்கிட்டே மாறும், அதனால 262-லேர்ந்து 277 வரைக்கும் எல்லா இடமும் கிடைக்கும். இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டி 1903 வாக்குல மிசிசிப்பியில டட்வைலர் ரயில் நிலையத்துல ஒருத்தர் இப்படி கத்தியை வச்சு வாசிச்சதைக் கேட்டதா அவரே பின்னாடி எழுதியிருக்காரு. கிட்டார் வாங்க வசதியில்லாத டெல்டா பசங்க துடைப்பம் கட்டின கம்பியை அவுத்து வீட்டுச் சுவர்ல ஆணி அடிச்சு இழுத்துக் கட்டி, பாட்டிலால தேய்ச்சு வாசிப்பாங்களாம், அந்த ஒத்தைக் கம்பியில ஃப்ரெட்டே கிடையாது, அதுல பழகின காது வேற எப்படிக் கேக்கும்? பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927-ல ஸ்லைடு வாசிச்சு வார்த்தையே இல்லாம முனகிப் பாடின ஒரு பாட்டு 1977-ல வாயேஜர் விண்கலத்தோட தங்க இசைத்தட்டுல ஏறி சூரியக் குடும்பத்தைத் தாண்டிப் போயிட்டிருக்கு, அதைக் கேட்டா குரல் எங்க நிக்குது கம்பி எங்க ஆரம்பிக்குதுன்னே பிரிக்க முடியலை எனக்கு.

ரெண்டாவது வழி பெண்டிங். இங்க நீளம் மாறாது, இறுக்கம் மாறும். ஃப்ரெட்ல அழுத்தின கம்பியை அப்படியே பக்கவாட்டுல தள்ளினா இறுக்கம் கூடி சுரம் ஏறும், வீணையில கம்பியை இழுத்து கமகம் கொண்டுவர்றதும் இதேதான். ஆனா அதிர்வெண் இறுக்கத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் ஏறும், அதனால உழைப்பு ஜாஸ்தி. எலக்ட்ரிக் கிட்டார் கம்பி ஒண்ணு சுமார் 7 கிலோ கட்டித் தொங்கவிட்ட அளவு இறுக்கத்துல இருக்கும். நடு காந்தாரத்துக்குப் போக 6% கூடுதல் இறுக்கம் போதும், ஆனா முழுசா ரெண்டு ஃப்ரெட் தூரம் ஏத்தணும்னா 26%, கிட்டத்தட்ட ரெண்டு கிலோ, அவ்ளோ கூடுதல் இறுக்கத்தை விரல் நுனியால தள்ளியே கொண்டுவந்து சுருதி தப்பாம நிறுத்தணும். பி.பி. கிங் தன் உறவுக்காரர் புக்கா ஒயிட்டோட ஸ்லைடு சத்தத்தைப் பிடிக்கப் பாத்து அது கைவராம, மணிக்கட்டை ஆட்டி ஆட்டி விரல்லயே அந்த நடுக்கத்தைக் கொண்டு வந்தாரு.

அந்த நடு சுரம் ஏன் இவ்ளோ குத்துதுங்கறதுக்கும் கணக்கு இருக்கு. பின்னணியில வர்ற ஏ கார்டுல, அதாவது ஏ-வை அடிப்படையா வச்சு ஒண்ணா ஒலிக்கற சுரக் கூட்டத்துல, 277 இருக்கு, மேல ஒருத்தர் 269-ல இழுத்து நிக்கறாரு, ரெண்டும் சேந்தா வினாடிக்கு 8 தடவை சத்தம் பெருகிக் குறையும். காது அதை ஒரு உரசலாத்தான் கேக்குது, மேல ஏறி 277-ஐ நெருங்க நெருங்க உரசல் மெதுவாகி அடங்கும். நான் அழுகைன்னு நெனச்சதுல பெரிய பங்கு இந்த உரசலுக்குத்தான்.

அப்புறம் மின்சாரம் வந்துச்சு. ப்ளூஸ் பாடகரும் கிட்டார்காரருமான மடி வாட்டர்ஸ் 1943-ல டெல்டாவை விட்டு சிகாகோ போனாரு, அங்க மதுக்கடையில கூட்டம் பேசற சத்தத்துல சாதா கிட்டார் எடுபடலை, எலக்ட்ரிக்குக்கு மாறினாரு. அந்தக் கிட்டார்ல இருக்கற பிக்கப்புங்கறது காந்தத்தைச் சுத்தி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுத்து சுத்தினது, மேல ஸ்டீல் கம்பி ஆடினா காந்தப்புலம் மாறி உள்ள மின்சாரம் பிறக்கும். அதை ஒரு சின்ன வால்வு ஆம்ப்ல, அதாவது சத்தத்தைப் பெருக்கற பெட்டியில, விட்டு சத்தத்தை முழுசா ஏத்தினா வால்வால அதுக்கு மேல தர முடியாம அலையோட உச்சி மழுங்கிரும். மழுங்கின அலையில 220 மட்டும் இல்ல, 440, 660-ன்னு மடங்குகளும் பலமா சேந்து வரும், கத்திக் கத்திக் கரகரத்த தொண்டை மாதிரி. உச்சி வெட்டுப்படறதால தட்டின சத்தத்துக்கும் அடங்கற சத்தத்துக்கும் வித்தியாசம் குறைஞ்சு சுரம் ரொம்ப நேரம் நிக்கற மாதிரியும் கேக்கும், குரல் இழுத்துப் பாடற மாதிரி.

பக்கத்துல கிட்டார் இருந்தா ஒண்ணு செஞ்சு பாருங்க. ஒருத்தரை ஏ கார்டை விடாம வாசிக்கச் சொல்லிட்டு, நீங்க மூணாவது கம்பியில அஞ்சாவது ஃப்ரெட்டை அழுத்தித் தட்டுங்க, தட்டினதும் கம்பியை லேசா மேல் பக்கம் தள்ளுங்க, ஆறாவது ஃப்ரெட்டோட சுரம் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க.