கையெழுத்தான சட்டத்தை அமெரிக்க அதிபர் கிடப்பில் போட முடியுமா?

2024 ஏப்ரல் 24 அன்று அமெரிக்க அதிபர் ஜோ பைடன் ஒரு சட்டத்துக்கு ஒப்பமிட்டார். டிக்டாக் செயலியை அதன் சீன உரிமையாளரான பைட்டான்ஸ் நிறுவனம் 270 நாட்களுக்குள் விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் அமெரிக்காவில் அந்தச் செயலியை யாரும் விநியோகிக்கக் கூடாது, அதற்குச் சர்வர் வசதியும் தரக் கூடாது என்றது சட்டம். கெடு 2025 ஜனவரி 19. அதற்கு இரண்டு நாள் முன்பு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஜனவரி 20 அன்று பதவியேற்ற டொனால்ட் டிரம்ப், அன்றைக்கே ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார்: 75 நாட்களுக்கு இந்தச் சட்டத்தின்படி யார் மீதும் நடவடிக்கை கூடாது.

இரு அவைகளும் நிறைவேற்றி, ஓர் அதிபர் ஒப்பமிட்டு, உச்ச நீதிமன்றமும் செல்லும் என்று சொன்ன சட்டம் அது. அடுத்து வந்த அதிபர் ஓர் ஆணையால் அதை நிறுத்திவைத்தார். டிக்டாக் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். அதிபருக்கு அப்படி நிறுத்திவைக்கும் அதிகாரம் உண்டா என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

அதிபர் மறுக்கக்கூடிய நேரம் எது?

மசோதா மேசைக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாகப் பத்து நாட்கள் அதிபருக்கு அவகாசம் உண்டு. அதற்குள் ஒப்பமிடலாம்; காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். இதுதான் வீட்டோ. திருப்பி அனுப்பியதை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு மறுபடி நிறைவேற்றினால், அதிபரின் ஒப்பம் இல்லாமலேயே அது சட்டமாகிவிடும். ஒன்றுமே செய்யாமல் பத்து நாள் விட்டாலும் சட்டமாகும். இடையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கூட்டத்தொடர் முடிந்துபோனால் மட்டும் மசோதா காலாவதியாகும்.

மறுப்புக்கான இடம் இவ்வளவுதான். பிடித்த பகுதிக்கு ஒப்புதல், பிடிக்காத பகுதிக்கு மறுப்பு என்று பிரிக்கவும் முடியாது. செலவுச் சட்டங்களில் தனித்தனி இனங்களை அதிபர் நீக்கிக்கொள்ளலாம் என்று 1996-இல் காங்கிரஸே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. காங்கிரஸ் விரும்பிக் கொடுத்தாலும் அந்த அதிகாரத்தை அதிபர் வாங்கிக்கொள்ள முடியாது என்பதே அதன் பொருள்.

நம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. இந்தியக் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். அமெரிக்க அதிபரோ அரசாங்கத்தை நேரடியாக நடத்துபவர். வழக்குத் தொடுக்கும் துறையும் நிதி வழங்கும் அலுவலகமும் அவர் கையில்தான் இருக்கின்றன. அதனால்தான் சட்டத்தை முடக்கிவைக்கும் வாய்ப்பும் அங்கே அதிகம்.

அரசர் இழந்த அதிகாரம்

அமெரிக்க அரசியலமைப்பின் 2-ஆவது பிரிவு, சட்டங்கள் உண்மையோடு நிறைவேற்றப்படுவதை அதிபர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஒரே வரி. ஆனால் அதன் பின்னால் ஒரு நூற்றாண்டு இங்கிலாந்து வரலாறு நிற்கிறது.

அரசர் இரண்டாம் ஜேம்ஸ், நாடாளுமன்றம் இயற்றிய மதச் சட்டங்களைத் தம் அறிவிப்பின் மூலம் நிறுத்திவைத்தார். வேண்டியவர்களுக்குத் தனித்தனியே விலக்கும் அளித்தார். அந்த அறிவிப்பை ஆலயங்களில் வாசிக்க மறுத்த ஏழு ஆயர்கள் மீது 1688-இல் வழக்கு நடந்தது. ஜூரி அவர்களை விடுவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசர் நாட்டை விட்டே ஓடினார். 1689-இல் வந்த உரிமைப் பிரகடனம், நாடாளுமன்றத்தின் சம்மதமின்றிச் சட்டங்களை நிறுத்திவைக்கும் அதிகாரம் அரசருக்கு இல்லை என்று எழுதிவைத்தது. இங்கிலாந்தின் அரசரே இழந்துவிட்ட ஓர் அதிகாரத்தை, அரசரே வேண்டாம் என்று பிரிந்துபோன அமெரிக்கர்கள் தங்கள் அதிபருக்குத் தந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

உச்ச நீதிமன்றமும் நம்பவில்லை. 1830-களில் நடந்த ஒரு தபால் பாக்கித் தகராறுதான் அதைச் சொல்ல வாய்ப்பாக அமைந்தது. அரசுக்காகத் தபால் சுமந்த ஒப்பந்தக்காரர்களுக்குப் பாக்கி இருந்தது. கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை 1836-இல் காங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் கருவூலத்துறையின் சட்ட அதிகாரியிடம் ஒப்படைத்தது. அவர் சொல்லும் தொகையைத் தபால்துறைத் தலைவர் வரவு வைக்க வேண்டும். அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் நெருங்கிய ஆதரவாளரான ஏமோஸ் கெண்டல்தான் அப்போது தபால்துறைத் தலைவர். ஒரு பகுதியை மட்டும் வரவு வைத்துவிட்டு, ஏறத்தாழ 39,000 டாலரைத் தர மறுத்தார். தாம் அதிபருக்கு மட்டுமே கட்டுப்பட்டவர், நீதிமன்றம் தமக்கு ஆணையிட முடியாது என்பது அவர் வாதம்.

1838-இல் வந்த தீர்ப்பு அந்த வாதத்தை அடியோடு தள்ளியது. சட்டங்கள் நிறைவேறுவதைக் கவனித்துக்கொள்ளும் கடமையிலிருந்து, அவற்றை நிறைவேற்றவிடாமல் தடுக்கும் அதிகாரத்தை வருவித்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். ஓர் அதிகாரியின் வேலையைச் சட்டம் இம்மி பிசகாமல் வகுத்துவிட்டால், அவர் சட்டத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பணம் கொடுக்கப்பட்டாக வேண்டும் என்று முடிந்தது வழக்கு. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தத் தீர்ப்பு ஆட்டம் காணவில்லை.

தளர்வு எங்கே இருக்கிறது?

எந்த அரசாங்கமும் எல்லாக் குற்றத்தையும் பிடித்துத் தண்டித்துவிட முடியாது. ஆளும் பணமும் அளவானவை. எந்த வழக்கை முதலில் எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு. ஓர் அமலாக்க அமைப்பு நடவடிக்கை எடுக்காமல் விட்டதைப் பொதுவாக நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, ஒரு சட்டத்தை முழுவதுமாகக் கைகழுவும் அளவுக்கு அந்தக் கொள்கை போனால் நிலைமை வேறாகலாம் என்று ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தது. சிறு வயதில் அழைத்துவரப்பட்டு ஆவணமின்றி வளர்ந்தவர்களை நாடு கடத்துவதை ஒத்திவைத்து 2012-இல் ஒபாமா அரசு கொண்டுவந்த திட்டமும் இந்த உரிமையின் மேல் கட்டப்பட்டதுதான். அது எல்லை தாண்டியதா என்று இன்றும் சண்டை நடக்கிறது.

டிக்டாக் விவகாரம் இந்த எல்லையை வெகுவாகத் தாண்டிவிட்டது என்பது என் கருத்து. காரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதிபர் ஒரே ஒரு முறை, 90 நாட்கள் வரை கெடுவை நீட்டிக்கலாம் என்று சட்டமே இடம் கொடுத்திருந்தது. அதற்கு மூன்று நிபந்தனைகள்: விற்பனைக்கு வழி பிறந்திருக்க வேண்டும், அதில் கணிசமான முன்னேற்றம் இருக்க வேண்டும், கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் கையில் இருக்க வேண்டும். இம்மூன்றையும் காங்கிரஸிடம் உறுதிப்படுத்தாமலேயே 75 நாள் ஆணை வந்தது. பிறகு ஏப்ரல், ஜூன், செப்டம்பர் என்று மேலும் மேலும் நீட்டிப்புகள். செப்டம்பர் 25 அன்றுதான் ஒரு விற்பனைத் திட்டம் சட்டத்துக்கு உட்பட்டது என்று அதிபர் அறிவித்தார். ஒரு வாசல் இருக்க, அதைப் பயன்படுத்தாமல் சுவர் ஏறிக் குதிப்பதை விருப்புரிமை என்று எப்படிச் சொல்வது?

அதைவிடக் கவலை தருபவை அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டி ஆப்பிள், கூகுள் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பிய கடிதங்கள். 2025 ஜூலையில் அவை வெளியே வந்தன. நீங்கள் சட்டத்தை மீறவில்லை, உங்கள் மீது எந்தப் பொறுப்பும் இல்லை, அரசு தன் உரிமைக்கோரலை நிரந்தரமாகக் கைவிடுகிறது என்ற பொருளில் அவை எழுதப்பட்டிருந்தன. தேசியப் பாதுகாப்பிலும் வெளியுறவிலும் அதிபருக்குள்ள கடமைகளில் இந்தச் சட்டம் குறுக்கிட முடியாது என்பது அவற்றில் சொல்லப்பட்ட காரணம். சட்டப்படி அபராதம், ஒரு பயனாளருக்கு 5,000 டாலர் வரை. சுமார் 17 கோடிப் பயனாளர்கள் என்று கணக்கிட்டால் 85,000 கோடி டாலர் வரும். வழக்குத் தொடுப்பதைத் தள்ளிவைப்பது வேறு. இவ்வளவு பெரிய பொறுப்பே பிறக்கவில்லை என்று குறிப்பிட்ட நிறுவனங்களுக்கு எழுத்தில் விலக்கு தருவது வேறு. பின்னது இரண்டாம் ஜேம்ஸ் செய்ததற்கு மிக அருகில் நிற்கிறது.

பிறகு ஏன் எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை? வழக்குப் போடுகிறவருக்கு நேரடிப் பாதிப்பு இருந்தாக வேண்டும். கெண்டல் வழக்கில் பணம் வராத ஒப்பந்தக்காரர் இருந்தார். டிக்டாக் ஓடிக்கொண்டிருப்பதால் என் பணம் போயிற்று என்று வந்து நிற்க யார் இருக்கிறார்கள்? மீறலே நடந்திருந்தாலும், கேட்க ஆள் இல்லாவிட்டால் நீதிமன்றக் கதவு திறக்காது.

சட்டமே தவறானது என்று அதிபர் கருதினால்?

இதில் அதிபர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அரசியலமைப்பும் ஒரு சட்டம்தான், எல்லாவற்றுக்கும் மேலான சட்டம். 1867-இல் காங்கிரஸ், செனட்டின் அனுமதியின்றி அமைச்சர்களை நீக்கக் கூடாது என்று வீட்டோவையும் மீறி ஒரு சட்டம் இயற்றியது. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதற்கு அடங்காமல் போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனை நீக்கினார். 1868-இல் பிரதிநிதிகள் சபை அவர் மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்தது. செனட்டில் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். 1926-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாததாகவே இருந்தது என்று சொல்லிவிட்டது.

2002-இல் ஜார்ஜ் புஷ் ஒப்பமிட்ட ஒரு சட்டம், ஜெருசலேமில் பிறந்த அமெரிக்கர் கேட்டால் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் இஸ்ரேல் என்று பதிய வேண்டும் என்றது. வெளிநாடுகளை அங்கீகரிப்பது தம் தனி உரிமை என்று, ஒப்பமிடும்போதே ஒரு குறிப்பு எழுதினார் புஷ். அவர் அரசும் பின்வந்த ஒபாமா அரசும் அந்தச் சட்ட விதியை நடைமுறைப்படுத்தவில்லை. 2015-இல் நீதிமன்றம் அதிபர் பக்கம் நின்றது. ஒப்பக் குறிப்புக்குத் தனியாகச் சட்ட வலிமை கிடையாது. அரசியலமைப்பு அந்த அதிகாரத்தை அதிபருக்கு மட்டுமே கொடுத்திருந்ததால்தான் அவர் வென்றார்.

ஒபாமா பின்பற்றிய இன்னொரு வழி எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரே பாலினத் திருமணத்தை மத்திய அரசு ஏற்கக் கூடாது என்ற 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தவறு என்று 2011-இல் அவர் அரசு முடிவு செய்தது. நீதிமன்றத்தில் அதை ஆதரித்து வாதிடுவதை நிறுத்தியது. ஆனால் அமல்படுத்துவதைத் தொடர்ந்தது. அப்படித் தொடர்ந்ததால்தான் வரி செலுத்திப் பாதிக்கப்பட்ட ஒருவரின் வழக்கு உயிரோடு இருந்து, 2013-இல் உச்ச நீதிமன்றமே அந்த விதியை ரத்து செய்தது.

செலவழிக்காமல் இருப்பதும் சட்ட மறுப்புதான்

இன்று சண்டை உக்கிரமாக இருப்பது பணத்தில். 1972-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை ரிச்சர்ட் நிக்சன் வீட்டோ செய்தார். காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது. முதலாண்டுக்கு 500 கோடி டாலர், அடுத்த ஆண்டுக்கு 600 கோடி என்று சட்டம் சொல்ல, நிக்சன் 200 கோடியும் 300 கோடியும் மட்டும் ஒதுக்கச் சொன்னார். நியூயார்க் நகரம் வழக்குப் போட்டு 1975-இல் வென்றது. இதற்கிடையே 1974-இல் காங்கிரஸ் நிதி முடக்கத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஒதுக்கிய பணம் வேண்டாம் என்று அதிபர் கருதினால் காங்கிரஸுக்குப் பரிந்துரை அனுப்பலாம். 45 கூட்ட நாட்களுக்குள் காங்கிரஸ் ஏற்காவிட்டால் பணத்தை விடுவிக்க வேண்டும்.

அந்தக் காலவரம்பே இப்போது ஓட்டையாகியிருக்கிறது. நிதியாண்டு முடிவது செப்டம்பர் 30. 2025 ஆகஸ்ட் இறுதியில் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை ரத்து செய்யும் பரிந்துரையை டிரம்ப் அரசு அனுப்பியது. 45 நாள் ஓடி முடிவதற்குள் ஆண்டு முடிந்து, பணம் தானே காலாவதியாகிவிடும். காங்கிரஸின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் இதைச் சட்டவிரோதம் என்றது. உதவி அமைப்புகள் வழக்காடின. செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் அரசின் பக்கம் சாய்ந்தது: 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இப்படி வழக்குத் தொடுக்கும் உரிமை அந்த அமைப்புகளுக்கு இல்லை என்றே தோன்றுகிறது என்றது. மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை.

அப்படியானால் வழக்குத் தொடுக்கக்கூடியவர் அந்தத் தணிக்கை அலுவலகத்தின் தலைவர். அவரும் காங்கிரஸுக்கு விளக்கம் அளித்து 25 கூட்ட நாட்கள் காத்திருந்த பிறகே நீதிமன்றம் போக முடியும். ஆண்டின் கடைசி மாதத்தில் அந்த 25 நாட்கள் யாருக்கும் கிடைக்காது. கடைசி மூன்று மாதங்களில் வரும் பரிந்துரையைக் காட்டிப் பணத்தைப் பிடித்துவைக்க முடியாது என்று காங்கிரஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தால் இந்த ஓட்டை அடைபடும். அந்தத் திருத்தமும் அதே அதிபரின் மேசைக்குத்தான் போக வேண்டும். அவர் மறுத்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும்.